ஊட்டிக் குளிரில் தக்காளி காய்க்குமா? மலைவீட்டுத் தோட்டத்துக்கு ஒரு முழுமையான கைடு

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் மலைப்பாதையில் தினமும் காய்கறி வண்டிகள் எதிரும் புதிருமாகக் கடந்துபோகும். கேரட், உருளைக்கிழங்கு, பீட்ரூட், முட்டைக்கோஸ் மூட்டைகள் மேலிருந்து இறங்கும். தக்காளிப் பெட்டிகள் கீழிருந்து ஏறும். தமிழ்நாட்டுக்கே காய்கறி அனுப்பும் மாவட்டம், தன் ரசத்துக்கான தக்காளியைக் கீழேயிருந்துதான் வாங்கிக்கொள்கிறது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்க வேண்டிய நிலை வந்தது. சமவெளியிலேயே அந்தப் பாடு என்றால், அதே தக்காளி மலையேறி வந்து சேரும்போது என்ன விலை இருக்கும்? 'இவ்வளவு நல்ல மண் இருக்கு, தண்ணீர் இருக்கு. வாசலில் நாலு தக்காளிச் செடி வெச்சா என்ன?' என்று அப்போது மலைவாசிகள் பலருக்கும் தோன்றியிருக்கும்.

வைத்துப் பார்த்தவர்களுக்கு முடிவு தெரியும். செடி தளதளவென்று வளரும். பூக்கும். பூ உதிரும். தப்பித்த பூ காயாகும். காய் பச்சையாகவே நிற்கும். பழுக்கப் போகிற நேரத்தில் மழை வந்து இலையெல்லாம் கருகிப்போகும்.

இது கைராசியில்லாததால் நடப்பதல்ல. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் குளிரில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டால், ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களிலும் வீட்டுத் தேவைக்காவது பறிக்கலாம்.

பூ ஏன் உதிர்கிறது?

தக்காளி, மிளகாய் இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பயிர்கள். பகல் இதமான வெயிலாகவும், இரவு மிதமான குளிராகவும் இருந்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். தக்காளிப் பூ காயாக மாற இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. 13 டிகிரிக்குக் கீழே போனால் மகரந்தம் சரியாக உருவாகாது. உருவானாலும் முளைத்து சூலை எட்டாது. கருவுறாத பூ காம்போடு உதிர்ந்துவிடும்.

குடைமிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் செல்லம் வேண்டும். இரவில் 16 டிகிரிக்குக் கீழே போனாலே காய்ப்பிடிப்பு தடுமாறும். பிடித்தாலும் உள்ளே விதை குறைவாக, சப்பையாக, கோணலாகக் காய் வரும். பலர் இதை நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். இது குளிரின் கைவேலை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஊட்டி. ஏப்ரல், மே மாதங்களில்கூட பகல் 22 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். இரவு 12 டிகிரியைத் தொடும். அதாவது ஊட்டியின் கோடைகால இரவே தக்காளிக்கு எல்லைக்கோட்டுக்குக் கீழே.

சமவெளியில் இதே பிரச்னை தலைகீழாக வரும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் சூடாகவே இருந்தால் அப்போதும் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். கோடை முடிந்த கையோடு தக்காளி விலை ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு நாள் வேலைக்கு ரெண்டரை நாள்

காய் பழுக்க ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. பயிர் விஞ்ஞானிகள் இதை 'வெப்ப அலகு' என்கிறார்கள். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் குறைந்தபட்ச வெப்பநிலையையும் கூட்டி இரண்டால் வகுத்து, அதிலிருந்து 10-ஐக் கழிக்க வேண்டும். ஏனென்றால் 10 டிகிரிக்குக் கீழே தக்காளி ஏறக்குறைய வளர்வதே இல்லை. மிஞ்சுவதுதான் அன்றைக்குச் செடிக்குக் கிடைத்த 'சம்பளம்'.

கோவையில் மே மாதம் பகல் 35, இரவு 24 என்று வைத்துக்கொள்வோம். 30 டிகிரிக்கு மேலுள்ள சூடு செடிக்குப் பெரிதாகப் பயன்படாது என்பதால் பகலை 30 என்றே எடுத்தால், சராசரி 27. பத்தைக் கழித்தால் 17 அலகு.

அதே நாளில் ஊட்டியில் பகல் 22, இரவு 12. சராசரி 17. கழித்தால் 7 அலகுதான். ஜூலை மழையில் பகல் 17, இரவு 11 என்றாகும்போது வெறும் 4 அலகு.

கோவையில் ஒரு நாளில் நடக்கும் வளர்ச்சிக்கு, ஊட்டியில் மே மாதத்தில் ஏறத்தாழ ரெண்டரை நாளும், ஜூலையில் நாலு நாளுக்கு மேலும் ஆகும். சமவெளியில் நாற்று நட்டு 70 நாளில் பழம் தரும் ஒரு ரகம், ஊட்டித் திறந்தவெளியில் ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். இது தோராயமான கணக்குதான். ஆனால், விதை பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நாள் கணக்கு மலைக்கு ஏன் பொருந்தாது என்பதை இது காட்டிவிடுகிறது.

இன்னொரு விஷயம். இங்கிலாந்து, கனடா போன்ற நாடுகளிலும் கோடை குளிர்ச்சியானதுதான். ஆனால், அங்கே ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரம்கூட நீளும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் மலைகளில் எந்த மாதமானாலும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம்தான். அதிலும் பாதி மேகமூட்டம். வெளிநாட்டு யூடியூப் வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே பலிக்காததற்கு இதுவும் காரணம்.

எந்த ஊர், எந்த மாதம்?

உயரம் கூடக் கூட குளிர் கூடும். ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறு முதல் ஆறரை டிகிரி குறையும்.

* கூடலூர், வால்பாறை, ஏற்காடு (ஏறத்தாழ 1,000 முதல் 1,500 மீட்டர்): குளிர் பெரிய தடையில்லை. மழையும் ஈரமும்தான் எதிரி.
* குன்னூர், கோத்தகிரி (சுமார் 1,800 மீட்டர்): சரியான மாதம், சரியான இடம் பார்த்து வைத்தால் திறந்தவெளியிலும் வரும்.
* கொடைக்கானல், ஊட்டி (2,100 மீட்டருக்கு மேல்): தலைக்கு மேல் ஒரு கூரை இல்லாமல் நம்ப முடியாது.

ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி. சில வருடம் பிப்ரவரியிலும் எட்டிப் பார்க்கும். உறைபனி ஒரே இரவில் தக்காளிச் செடியைக் கருக்கிவிடும். ஜூன் வந்தால் தென்மேற்குப் பருவமழை. ஆக, பனிக்கும் மழைக்கும் நடுவே மார்ச் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை சுமார் 100 நாள்தான் கைக்குக் கிடைக்கிறது.

அதனால் ஜனவரியிலேயே வீட்டுக்குள் விதை போட்டுவிட வேண்டும். விதை முளைக்க 20 முதல் 25 டிகிரி வேண்டும். அடுப்பங்கரை மேடை, ஃப்ரிட்ஜின் மேல்புறம், வாட்டர் ஹீட்டருக்குப் பக்கம் என வீட்டில் கதகதப்பான மூலை எது என்று பார்த்து குழித்தட்டை வைக்கலாம். முளை வெளியே தெரிந்ததும் வெளிச்சமுள்ள ஜன்னலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் நாற்று வெளிறி, நெட்டையாகிச் சாய்ந்துவிடும். ஏழெட்டு வாரத்தில் நல்ல தடிமனான நாற்று கிடைக்கும். மார்ச்சில் பனி விட்டதும், ஒரு வாரம் பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று பழக்கிவிட்டு நடலாம்.

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பகுதிகளுக்கு அக்டோபர், நவம்பர் மழைதான் பெரிய மழை. அங்கே ஊட்டியைவிடச் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைக்கும்.

குளிரில் காய்க்கும் ரகம் உண்டா?

உண்டு. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட 'பூசா ஷீதல்' தக்காளி, பெயருக்கு ஏற்றபடி இரவு வெப்பநிலை 8 டிகிரி வரை இறங்கினாலும் காய்ப்பிடிக்கும் ரகம். வடஇந்தியாவில் குளிர்கால முடிவில் சீக்கிரமே காய் எடுப்பதற்காக உருவாக்கப்பட்டது.

பெங்களூரில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'அர்கா' ரகங்கள் தமிழக விவசாயிகளுக்குப் பழக்கமானவை. இதில் ஒரு சின்ன கவனம் வேண்டும். 'அர்கா ரக்ஷக்' மூன்று நோய்களைத் தாங்கும் என்று பெயர் வாங்கியது. ஆனால், இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்ற அந்த மூன்றில், மலையின் முதல் எதிரியான பின்பருவ இலைக்கருகல் இல்லை. அதையும் சேர்த்துத் தாங்கும் வகையில் வந்தது 'அர்கா அபேத்'. மலையில் விதை வாங்குபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

உலகில் இதற்காகவே பெரிதாக உழைத்த இடம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம். இரவுகள் குளிரும் அந்தப் பகுதிக்காக ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜிம் பாகெட் என்ற விஞ்ஞானி 'ஓரிகன் ஸ்பிரிங்', 'சைலட்ஸ்', 'லெஜண்ட்' போன்ற ரகங்களை உருவாக்கினார். இவற்றின் சூட்சுமம், மகரந்தம் சேராமலேயே காய் உருவாவது. குளிரில் மகரந்தம் கெட்டாலும் கவலையில்லை, விதை குறைவான காய் வந்துவிடும். ரஷ்யாவின் 'செவெரியானின்' என்ற தக்காளியிலிருந்து அந்தக் குணம் எடுக்கப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் பீவர்லாட்ஜ் ஆராய்ச்சி நிலையமும் 'சப் ஆர்க்டிக்' என்ற பெயரில் குளிர்தேசத் தக்காளிகளைத் தந்தது.

ஆசையாக இருக்கிறதே என்று வெளிநாட்டு இணையதளங்களில் விதையை ஆர்டர் செய்துவிடாதீர்கள். இந்தியாவுக்குள் விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். புதிய நோய்கள் நாட்டுக்குள் நுழையாமல் இருப்பதற்கான சட்டம் அது.

எந்த ரகமும் கிடைக்காவிட்டால் செர்ரி தக்காளி வைக்கலாம். காய் சிறியதாக இருப்பதால் சீக்கிரம் பழுக்கும். பெரிய தக்காளி ஒன்று பழுக்கக் காத்திருக்கும் நேரத்தில் செர்ரி தக்காளியில் ஒரு கொத்தே பறித்துவிடலாம்.

ஒரு கூரை, ஒரு சுவர், சில தண்ணீர் கேன்கள்

மலைவீட்டுத் தோட்டத்தில் முக்கியமான செலவு உரத்துக்கு அல்ல, கூரைக்கு. நாலு மூங்கில் கம்பு, மேலே கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட். அவ்வளவுதான். பக்கங்களைத் திறந்தே வைத்தாலும் இலையில் மழை விழாது. இலை நனையாவிட்டால் பாதி நோய் வராது.

பக்கங்களையும் மூடினால் பகல் வெப்பம் ஏறும். உள்ளே பகல் 28, இரவு 14 என்று இருந்தால் நாளொன்றுக்கு 11 அலகு. வெளியே ஐந்து மாதத்துக்கு மேல் எடுத்த அதே ரகம், உள்ளே மூன்றரை மாதத்தில் பழுத்துவிடும். ஆனால், பாலித்தீன் கூரை இரவில் ஓரிரு டிகிரிதான் கூட்டித் தரும். அந்தக் குறையைச் சமாளிக்க சில எளிய வழிகள் உண்டு.

* வீட்டுச் சுவரை ஒட்டி, காலை வெயில் விழும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மலையில் மதியத்துக்குமேல் மேகம் கவிவது வழக்கம். காலை வெயில்தான் நம்பகமானது. பனி ஈரத்தையும் சீக்கிரம் காயவைக்கும். வெயிலில் காய்ந்த கருங்கல் சுவர், இரவில் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும்.
* பழைய 20 லிட்டர் கேன்களில் தண்ணீர் நிரப்பிச் செடிகளுக்கு இடையே வையுங்கள். பகலில் சூட்டை வாங்கி இரவில் விடும். கேனுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்தால் இன்னும் நல்லது.
* தரையைவிட கறுப்பு க்ரோ பேக், மேட்டுப்பாத்தி இரண்டிலும் மண் சீக்கிரம் சூடாகும். பாத்தியின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடாக்கு போடலாம். சமவெளியில் நல்லது செய்யும் வைக்கோல் மூடாக்கு, மலையில் மண்ணைக் குளிராகவே வைத்திருக்கும்.
* தண்ணீர் காலையில் மட்டும். மாலையில் ஊற்றும் குளிர்ந்த தண்ணீர் வேரையும் குளிரவைக்கும், இரவு ஈரத்தையும் கூட்டும்.
* பகலில் கூடாரத்தின் கதவைத் திறந்துவிட வேண்டும். பூட்டியே வைத்தால் உள்ளே வியர்த்து, அந்த ஈரமே நோயைக் கூட்டி வரும்.

உயரமாக வளரும் ரகமாக இருந்தால் ஒரே தண்டாக விட்டு, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். மூன்று நான்கு கொத்து காய் பிடித்ததும் நுனியையும் கிள்ளிவிடலாம். கிடைக்கும் கொஞ்ச வெப்பம் புதிய இலைக்குப் போகாமல், இருக்கும் காய்க்குப் போகும்.

மண்ணில் இரண்டு சிக்கல்கள்

நீலகிரி மண் தேயிலைக்குத் தோதான புளிப்பு மண். தக்காளிக்கு பி.ஹெச் அளவு 6-க்கு மேல் வேண்டும். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு டோலமைட் சுண்ணாம்பு போட்டுச் சில வாரம் கழித்து நட வேண்டும். சுண்ணாம்புச் சத்தும் தண்ணீரும் சீராகக் கிடைக்காத செடியில்தான் காயின் அடிப்புறம் கறுத்து அழுகும்.

நட்ட புதிதில் இலையின் அடிப்பக்கம் ஊதா நிறமானால் பயப்பட வேண்டாம். மண் குளிராக இருந்தால் வேரால் மணிச்சத்தை உறிஞ்ச முடியாது. அதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் உரம் கொட்டிப் பயனில்லை. மண் சூடானால் தானே சரியாகும்.

இரண்டாவது சிக்கல் பெரியது. உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு 1961-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நீலகிரியில்தான். குண்டூசி முனையளவுள்ள அதன் கூடுகள் மண்ணில் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். தக்காளியின் வேரும் அதற்கு உணவுதான். ஆகவே, தக்காளித் தொட்டிக்கு உருளைக்கிழங்கு விளைந்த தோட்டத்து மண்ணை அள்ளி வராதீர்கள். தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் கலந்த கலவை பாதுகாப்பானது. சுற்றுலா போனவர்கள் 'ஊட்டி மண் நல்ல மண்' என்று ஒரு பை அள்ளிக்கொண்டு ஊருக்குப் போவதும் அதே காரணத்தால் வேண்டாத வேலை.

குடைமிளகாய்க்குப் பொறுமை வேண்டும்

தக்காளியைவிட ஒரு மாதம் முன்னதாக, டிசம்பரிலேயே குடைமிளகாய் விதையைப் போட்டுவிட வேண்டும். முளைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கூரையும் மூடிய பக்கங்களும் இல்லாமல் ஊட்டியில் இதை முயல வேண்டாம்.

தண்டு முதன்முதலாக இரண்டாகப் பிரியும் இடத்தில் வரும் முதல் மொட்டைக் கிள்ளிவிடுங்கள். செடி சின்னதாக இருக்கும்போதே அந்த ஒரு காய் மொத்தச் சத்தையும் வாங்கிக்கொண்டால், பிறகு செடி வளராது.

சிவப்பு, மஞ்சள் குடைமிளகாய்க்கு ஆசைப்பட வேண்டாம். பெரும்பாலும் பச்சைக் காய் செடியிலேயே முதிர்ந்து பழுப்பதுதான் அந்த நிறங்கள். சமவெளியிலேயே அதற்குப் பல வாரம் கூடுதலாக ஆகும். மலையில் அந்த வாரங்கள் நம் கையில் இல்லை. பச்சையாகவே பறித்தால் செடி அடுத்த பூவுக்குத் தயாராகும். குடைமிளகாய் பிடி கொடுக்காவிட்டால் பஜ்ஜி மிளகாய் வைத்துப் பாருங்கள். சதை மெல்லியது என்பதால் சீக்கிரம் முதிரும்.

குளிரிலேயே பிறந்த மிளகாய் ஒன்றும் உண்டு. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் விளையும் 'ரொக்கோட்டோ'. ஊதாப் பூ, ரோமம் படர்ந்த இலை, கறுப்பு விதை எனப் பார்க்கவே வேறு மாதிரி இருக்கும். இந்தோனேசியாவின் மலைப்பகுதிகளிலும் பயிராகிறது. உறைபனி மட்டும் அதற்கும் ஆகாது.

செடியைத் தட்டுங்கள்

தக்காளிப் பூவில் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கும். பூ அதிர்ந்தால்தான் உதிரும். திறந்தவெளியில் காற்றும், கருவண்டு போன்ற பெரிய தேனீக்களும் அந்த வேலையைச் செய்யும். மூடிய கூரைக்குள் இரண்டும் இல்லை. அதனால் பூத்திருக்கும் நாள்களில், காலை பத்து, பதினொரு மணி வாக்கில் பூங்கொத்துக் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். பேட்டரி டூத் பிரஷ்ஷின் பின்புறத்தைக் காம்பில் வைத்தாலும் போதும். வீட்டுக் குழந்தைகளிடம் இந்த வேலையை ஒப்படைத்தால், தினமும் மறக்காமல் செய்வார்கள்.

ஐஸ்லாந்தில் 'ஃப்ரித்ஹைமர்' என்ற குடும்பப் பண்ணை, பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் கண்ணாடிக் கூடாரத்தைச் சூடாக்கி வருடம் முழுக்கத் தக்காளி பறிக்கிறது. அங்கே மகரந்தச் சேர்க்கைக்கு பம்பிள் தேனீக்களைப் பெட்டியில் வாங்கி விடுகிறார்கள். நமக்கு விரல் போதும்.

உங்கள் தொட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் வாழ்க்கை

மலையில் தக்காளி வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது பின்பருவ இலைக்கருகல் நோய். 1845-ல் தொடங்கிய அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய். இந்தியாவில் அது முதலில் தென்பட்டதும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீலகிரியில்தான்.

குளிர்ந்த காற்று, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காயாத இலை. அந்த நோய்க்கு இவ்வளவு போதும். இலையில் தண்ணீர் பட்டது போன்ற கரும்பச்சைத் திட்டு, பிறகு பழுப்பு, அடிப்புறம் வெள்ளைப் பூஞ்சை போன்ற படலம். நாலைந்து நாளில் செடியே வெந்தது போலாகிவிடும்.

இதில் உங்கள் நாலு செடி போனால் நஷ்டம் சிறியது. ஆனால், தக்காளியைத் தாக்கும் இதே நோய்தான் உருளைக்கிழங்கையும் தாக்கும். நோய் பிடித்த இலையிலிருந்து வித்துகள் காற்றிலும் மழைச்சாரலிலும் பரவும். 'கிடக்கட்டும்' என்று நீங்கள் விட்டுவைத்த செடி, கீழ்த்தோட்டத்தில் கடன் வாங்கி உருளைக்கிழங்கு போட்டிருப்பவரின் ஆறு மாத உழைப்பை அழித்துவிடலாம்.

ஆகவே, சில விதிகள். செடிக்குச் செடி இரண்டடியாவது இடைவெளி விடுங்கள். தரையிலிருந்து ஓரடி உயரம் வரை உள்ள கீழ் இலைகளை எடுத்துவிடுங்கள். இலையில் தண்ணீர் படாமல் வேரில் ஊற்றுங்கள். மழை தொடங்கும் முன்பே, நோய் வருவதற்கு முன்பே, போர்டோ கலவை போன்ற தாமிர மருந்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் அளவு கேட்டுத் தெளியுங்கள். நோய் கண்ட செடியை உரக்குழியில் போடாமல், மூடிய பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்றால், கூரை இல்லாமல் தக்காளி வைப்பதையே யோசிக்க வேண்டும்.

பழுக்காத காயை என்ன செய்வது?

மழை நெருங்கும்போது செடியில் நிறைய பச்சைக் காய் இருக்கும். தக்காளிக்குச் சிவப்பு நிறம் தருவது லைகோபீன். அது நன்றாக உருவாக 18 முதல் 24 டிகிரி வேண்டும். 12 டிகிரிக்குக் கீழே பழுப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அதனால் அடிப்பகுதியில் லேசாக வெளிர் நிறமோ இளஞ்சிவப்போ தெரிந்த காய்களைத் தாராளமாகப் பறித்துவிடலாம். ஒரு வாழைப்பழத்தோடு காகிதப் பையிலோ அட்டைப் பெட்டியிலோ போட்டு, சமையலறைச் சூட்டில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பழுக்கும். வாழைப்பழம் விடும் எத்திலின் வாயுதான் காரணம். பழுக்க வெயில் தேவையில்லை, சூடுதான் தேவை.

ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். இது மலைக்கு மட்டுமல்ல, சென்னைக்கும் பொருந்தும். குளிரில் வைத்த தக்காளியில் மணம் தரும் பொருள்களை உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிப்போவதாக, ஃப்ளோரிடா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பங்கேற்ற 2016 ஆய்வு காட்டியது. திரும்ப வெளியே எடுத்து வைத்தாலும் பழைய மணம் முழுதாக வருவதில்லை.

நிறம் மாறவே மாறாத முற்றிய காய்களும் வீணல்ல. பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டு, வரமிளகாயும் உளுந்தும் வறுத்துப் போட்டுத் துவையல், இஞ்சி சேர்த்து ஊறுகாய் என எல்லாவற்றுக்கும் தக்காளிக்காய் ஒத்துழைக்கும். புளியைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

தொழிலாகச் செய்யலாமா?

சமவெளி தக்காளி வெயிலில் தடுமாறி விலை ஏறும் மாதங்களில் மலையில் விளைந்தால் லாபம்தானே என்று தோன்றும். பசுமைக்குடிலில் குடைமிளகாய் பயிரிடுவது நம் மலைகளுக்குப் புதிதல்ல. கார்னேஷன், லில்லியம் பூக்களுக்காகப் போட்ட குடில்கள் இங்கே பழக்கமானவை. பசுமைக்குடில் அமைக்க அரசின் தோட்டக்கலைத் திட்டங்களில் 50 சதவிகித மானியமும் உண்டு. வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் விசாரிக்கலாம். உழவன் செயலியிலும் விவரம் பார்க்கலாம்.

ஆனால், மீதி 50 சதவிகிதம் உங்கள் பணமோ, வங்கிக் கடனோதான். மலைக்காற்று பாலித்தீனைக் கிழிக்கும். சில வருடத்துக்கு ஒருமுறை ஷீட்டை மாற்ற வேண்டும். சமவெளியில் விளைச்சல் கூடினால் விலை ஒரே வாரத்தில் சரியும். இதையெல்லாம் கணக்கில் எழுதிப் பார்த்து, ஏற்கெனவே குடில் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் பேசி, யாரிடம் விற்கப் போகிறோம் என்று முடிவான பிறகு கடனுக்குக் கையெழுத்துப் போடலாம். சின்னக் கூரையின் கீழ் ஒரு வருடம் வீட்டுக்குப் பயிர் செய்து பார்த்தவருக்கு, தன் இடத்து இரவுக் குளிர் எவ்வளவு என்பதாவது தெரிந்திருக்கும். தொடங்கும் முன் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி, ஒரு சீசன் முழுக்க தினமும் குறித்துவையுங்கள். அந்த நோட்டுப் புத்தகம் எந்த ஆலோசகரைவிடவும் நல்ல ஆலோசகர்.

இவ்வளவு பாடுபட நேரமில்லை என்பவர்களுக்கு மலை ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீட்டு ஓரங்களில் முட்டை வடிவச் சிவப்புப் பழங்களோடு நிற்கும் மரத்தக்காளி. ஆண்டீஸ் மலையின் குளிருக்குப் பழகிய அதற்கு நம் மலைக் குளிர் தோதானது. உறைபனி படாத மூலையில் ஒரு கன்று வைத்தால், ஒன்றரை இரண்டு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். நெருப்பில் வாட்டித் தோலுரித்து, பச்சைமிளகாய், உப்பு வைத்து அரைத்தால் சட்னி தயார். தக்காளி விலை நூறைத் தாண்டும் நாளில் அந்த மரத்தடிக்குப் போனால் போதும்.